ஈடு நின்றவள்

எங்கள் ஊரில் வண்டியை எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ, அவ்வளவு ஆழம் அந்த வீட்டு ஆள் ஒருவர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். அதற்கு ஈடு நிற்பது என்று பெயர். பஞ்சர் பார்க்கக் கணுக்கால் வரை போதும். கியர்பாக்ஸைக் கழற்றுவதென்றால் முழங்காலுக்கு மேல் போகும். வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பிமார்களுக்கு இதனால் வீட்டில் கொஞ்சம் மரியாதை உண்டு.

பெத்துராஜுக்குத் தம்பி இல்லை. ஒரே மகள் வேணியை அருப்புக்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர வேண்டிய நேரத்தில் வேனின் கியர்பாக்ஸ் உடைந்தது. பிள்ளைத்தாய்ச்சியைப் பஸ்ஸில் இடிபட விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் மனிதர். "ஒரு நாள் வேலைதான, நான் நிக்கேன்" என்று அவர் மனைவி சண்முகக்கனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. சமதரையாகப் பார்த்து வேனை நிறுத்தினார். உருளாமலிருக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பாமல், தூக்கத் தூக்க இரும்பு ஸ்டாண்டுகளை வைத்துக்கொண்டே வந்தார். முட்டுக் கொடுக்கச் செங்கல்லை அவர் கையால் தொடவில்லை. கடைசியில் வேனை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டு, முழங்காலுக்கு மேல் மண்ணுக்குள் இறங்கியிருந்த மனைவியையும் உலுக்கிப் பார்த்தார்.

"கெட்டியா இருக்கா?"

"இருக்கு. வேலையப் பாருங்க."

பார்த்தார். போல்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை இன்னொரு ஜாக்கியில் தாங்கி இறக்கி, பட்டறைக்குக் கொண்டுபோனார். காலியான இடத்தில் அதே எடைக்கு ஆட்டுக்கல்லைக் கட்ட வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மகள் நினைப்பில் ஓடியவர் அதை மறந்துவிட்டார். பாவி மனுஷன், அதை மட்டும் மறந்துவிட்டார்.

ஒரு ராத்திரி அந்த இடம் காலியாகக் கிடந்தால் வண்டி இரும்பையும் கல்லையும் மறந்துவிடும். காலையில் வேன் ஸ்டாண்டுகளை விட்டு மேலே எழும்பி நின்றது. சண்முகக்கனி இடுப்பு வரை போயிருந்தாள். தோண்டினால் குழிதான் வரும், ஆள் வராது. சரியாகி வந்த கியர்பாக்ஸை மாட்டிப் பார்த்தார். வேன் சட்டை செய்யவில்லை. இனி அது உயிருள்ள பாரத்தைத்தான் ஏற்கும். அவரே அந்த இடத்தில் தொங்கினார். கழற்றியவன் பாரம் செல்லாது. தெருக்காரர்கள் முறை போட்டுத் தொங்கினார்கள். அசலார் பாரமும் செல்லாது. வந்தவர்களுக்குக் காபி கொடுக்கச் சொல்லி சண்முகக்கனி தரையிலிருந்து சத்தம் போட்டாள்.

வேன் நாளுக்கு நாள் ஏறியது. வேணிக்கு அருப்புக்கோட்டையிலேயே வலி கண்டது. மார்பு வரை மண்ணிலிருந்த மனைவியின் காதில் பெத்துராஜ் போனைப் பிடித்தார். பேத்தியின் அழுகையைக் கேட்டுவிட்டு, "யாரு குளிப்பாட்டுதா?" என்று மட்டும் கேட்டாள் அவள். அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வேனுக்கு அடியில் போய் நின்று வாய்விட்டு அழுதார்.

கடைசியில் வேணி பஸ்ஸில்தான் வந்தாள், கைக்குழந்தையோடு. அப்போது அம்மாவின் கண்ணும் நெற்றியும்தான் வெளியே இருந்தன. வேன் ஆள் உயரத்தில் நின்றது. வேணி ஸ்டூல் போட்டு ஏறித் தொங்கிப் பார்த்தாள். வேன் அசையவில்லை. கட்டிக் கொடுத்த பெண்ணும் அசலார்தான்.

"அப்ப நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையாப்பா?" என்று கேட்டாள். பெத்துராஜ் குழந்தையைப் பார்த்தார்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காத பிள்ளை யாருக்கும் அசலார் இல்லை. சேலையில் தொட்டில் கட்டி அந்தக் காலி இடத்தில் தொங்கவிட்டார்கள். வேன் முனகிக்கொண்டே இறங்கியது. மண் விலகி மூக்கு வந்தது, பிறகு வாய் வந்தது. பெத்துராஜுக்குப் போன உயிர் திரும்பியது. மனைவியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

சண்முகக்கனி மண்ணைத் துப்பினாள். "பிள்ளைய எடு."

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா."

"நான் வெளிய வந்தா, அவ ஆயுசுக்கும் அங்கயே தொங்கணும். அவ காலு தரையில பட வேண்டாமா? எடுடி."

"கனி, நான் என்ன செய்வேன்?" பெத்துராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் அவரைக் கோபமில்லாமல் பார்த்தாள். "ஒல வைங்க. பச்ச உடம்புக்காரி பசியோட வந்திருக்கா."

வேணி அழுதுகொண்டே தொட்டிலை அவிழ்த்தாள். வேன் விசுக்கென்று வீட்டுக் கூரையைத் தாண்டிப் போனது. முற்றத்து மண் மூடிச் சமமானது.

பெத்துராஜ் சோறு வடித்தார். வேணி சாப்பிட்டுவிட்டுக் குழந்தையை முற்றத்தில் இறக்கி விட்டாள். இன்னும் கழுத்து நிற்காத அந்தக் குழந்தை எழுந்து நின்று, பாட்டி இறங்கிய மண்ணில் பாதங்களை ஊன்றிப் பார்த்துவிட்டு, தெருவில் இறங்கி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தது. அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வேணியும் பையை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனாள்.

"ஓரமாப் போம்மா" என்று பெத்துராஜ் குழந்தையிடம் சொன்னார்.