துப்பாக்கிக்குத் தகப்பன் பெயர்

அந்த மாவட்டத்தில் பிடிபடும் கள்ளத் துப்பாக்கி ஒவ்வொன்றும் தான் பிறந்த ஊருக்கு நேரில் போய், கிராம நிர்வாக அலுவலரிடம் பிறப்பிடச் சான்று வாங்க வேண்டும். வாலிபப் பையன்கள் கையில் துப்பாக்கி பெருத்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லாப் பையன்களும் "கீழே கிடந்தது" என்றே சொன்னார்கள். அரசாங்கமும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. கடைசியில், பையன்களைக் கேட்பதை விட்டுவிட்டுத் துப்பாக்கியையே கேட்பது என்று ஓர் ஆணை போட்டது.

துப்பாக்கி பேசாது. ஆனால் கீழே வைத்தால் சொந்தபந்தம் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பும். அது போதும் என்றது ஆணை.

நெட்டூரணிப்பட்டிக்குக் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் தவசிக்கனி. யார் வம்புக்கும் போகாத மனிதர். இன்னும் நாலு மாதத்தில் பதவி உயர்வு வரும் என்று இரண்டு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். அவருடைய நாற்காலி இரண்டு வருடமாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதில் உட்கார்ந்து உட்கார்ந்து அவரும் இடது பக்கம் சாய்ந்தே நடந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில், பக்கத்து ஊரில் பீடி சுற்றும் சீனியம்மா ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். பைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துப் பெஞ்சில் தன் பக்கத்தில் வைத்து, முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"கும்பிடுதேன்யா. போலீஸ் டேசன்ல கீழ வச்சதும் உங்க ஊரப் பாத்துத்தான் திரும்பிச்சு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சான்றுல முத்திர விழணும், அதோட தவணை முடியுது."

அவளுடைய மகன் அகிலேஷுக்குப் பத்தொன்பது வயது. கோயில் கொடைத் திருவிழாவில் பேனர் கட்டுவதில் எதிர்க்கோஷ்டியோடு தகராறு வந்து, இந்தத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டான். குண்டு இடது பக்கமாகப் போய், ராப்பகலாக அலறிக்கொண்டிருந்த ரேடியோ குழாயை உடைத்தது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு உள்ளூர நிம்மதிதான். ஆனாலும் பையனை உள்ளே வைத்துவிட்டார்கள்.

பதினைந்து நாளில் துப்பாக்கிக்குத் தகப்பன் கிடைத்துவிட்டால், சுட்ட பையனைக் கண்டித்து அனுப்பிவிடுவார்கள். கிடைக்காவிட்டால் கடைசியாகப் பிடித்த கையே தகப்பன் என்று எழுதப்படும். தகப்பனுக்குப் பத்து வருடம். தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும் தகப்பனுக்கு மட்டும் சிறை கிடையாது. துப்பாக்கியை வீட்டில் வைத்து ஒழுங்காக வளர்த்தால் போதும்.

"என் பேரப் போட்டுக்கிடுங்கய்யா. நான் வளக்கேன்."

தவசிக்கனி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாய் பேருக்குக் கட்டம் இல்லம்மா."

துப்பாக்கியைச் செய்தது யார் என்பதற்கும் கட்டம் இல்லை. ஆகவே அதை யாரும் கேட்கவில்லை.

தலையாரி பால்வண்ணன் துப்பாக்கியைத் தூக்கி வந்து தெருமுக்கில் வைத்தார். அது மெதுவாகத் திரும்பி அடிகுழாயைப் பார்த்தது. நாலு வருடத்துக்கு முன்னால் அதன் உள்குழாய் களவுபோனதிலிருந்து அதில் தண்ணீர் வருவதில்லை. பக்கத்தில் கொண்டுபோனதும் துப்பாக்கி அதன்மேல் சாய்ந்துகொண்டது.

"தாத்தா முறை" என்றார் பால்வண்ணன்.

"எப்படிவே சொல்லுதேரு?"

"ஊருக்கே தண்ணி குடுத்ததுல்லா அய்யா. வேற என்ன முறை சொல்ல?"

தவசிக்கனி எழுதிக்கொண்டார். அடுத்து அது பள்ளிக்கூடத்தைப் பார்த்தது. தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் மரப்பிடியைப் பார்த்தார். அதில் காம்பஸ் முனையால் 'கணக்கு டீச்சர் ஒழிக' என்று கீறியிருந்தது.

"எங்க ஒன்பதாம் வகுப்புப் பெஞ்சோட கால்தான். அந்தக் கணக்கு டீச்சர் நான்தான்" என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெஞ்சு தாய்மாமன் என்று பதிவானது.

அலுவலகத்துக்குத் திரும்பும்போது மணி நாலே முக்கால். தாத்தா இருக்கிறார், தாய்மாமன் இருக்கிறார், தகப்பனைத்தான் காணோம். சீனியம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால்வண்ணன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

அது பீரோவைத் தாண்டியது. பால்வண்ணனைத் தாண்டியது. சீனியம்மாவிடம் கொஞ்சம் தயங்கி, அவளையும் தாண்டி, தவசிக்கனிக்கு நேராக வந்து நின்றது.

தவசிக்கனி நாற்காலியை வலது பக்கம் நகர்த்தினார். துப்பாக்கியும் நகர்ந்தது. ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அது காத்திருந்தது. எழுந்து ஜன்னலருகே போனார். அது வெறும் நாற்காலியை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவர் பின்னாலேயே திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றது.

அவருக்கு நினைவு வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த நாற்காலியின் சுருள்கம்பி பிய்த்துக்கொண்டு வந்து அவர் சட்டையைக் கிழித்தது. பழுதுபார்க்க மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுத வேண்டும். யார் எழுதுவது என்று அலுத்துக்கொண்டு, கம்பியை இதே ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். தொல்லை விட்டது என்று அன்றைக்கு ஒரு டீயும் குடித்தார்.

"உள்ள ஒரு சுருள்கம்பி இருக்குய்யா" என்றார் பால்வண்ணன், துப்பாக்கிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி. "நாக்காலி தாயா இருக்கும். அதுக்குக் கட்டம் இல்ல."

தவசிக்கனிக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பதவி உயர்வு, இரண்டு வெள்ளைச் சட்டை, மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் வரிசையாக வந்து போயின. சீனியம்மா கெஞ்சியிருந்தால் ஒருவேளை கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். அவளோ துப்பாக்கியின் வாயில் ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்துத் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு ஐம்பத்தைந்துக்குத் தகப்பன் பெயர்க் கட்டத்தில் தன் பெயரை எழுதி முத்திரை குத்தினார். சீனியம்மா சான்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பையைத் திருப்பிக் கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தவசிக்கனி மஞ்சப்பையோடு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ராசகிளி துப்பாக்கியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இடப்பக்கம் சாயுதது அப்படியே உங்க சாடை" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலையில் சீனியம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அகிலேஷ் இளைத்திருந்தான். தவசிக்கனியைக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றான். தவசிக்கனி, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டு வைத்தார்.

அப்போது வாசலில் இரும்பு உராயும் சத்தம் கேட்டது. தெருமுக்கு அடிகுழாய் வந்து நின்றது. அடியில் ஈரமண் ஒட்டியிருந்தது. பேரனைப் பார்க்க வந்திருந்தது.

ராசகிளி சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மாமா" என்றாள்.

துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. பிறகு குழாயின் கைப்பிடி தானாக ஒருமுறை ஏறி இறங்கியது. அகிலேஷ் யாரும் சொல்லாமலே போய் அதைப் பிடித்து அடித்தான். நாலாவது அடியில் தண்ணீர் கொட்டியது.

"குடம் இருக்காம்மா?" என்று கேட்டபடி சீனியம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள்.