வில்லிக்கு எதற்கு வயலின்?

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீட்டை இரண்டு பண்ணுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அந்த வாலுவுக்கு டிவி சீரியலில் வேஷம் கிடைத்திருந்தது. அதுவும் வில்லி வேஷம். செய்தி வந்ததிலிருந்து தனக்குக் கால் தரையில் நிற்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அவளே சிரித்தாள்.

இயக்குநர்தான் ஒரு கொக்கி போட்டிருந்தார்.

"முதல் வாரம் பார்ப்போம்மா. ஜனங்க உன்மேல கோவப்படாம உச்சுக் கொட்டினாங்கன்னா, உன்னை நல்லவளா மாத்திடுவோம். அழுது, வேண்டிக்கிட்டு, கடைசியில எழுந்து நடந்துடுவ."

"என்னால நடக்க முடியாதே சார்."

"நடக்குறதுக்கு வேற பொண்ணு இருக்கா."

ஆக, கதையில் கால் வந்தால் இவளுக்கு வேலை போய்விடும். இப்படி ஒரு கூத்து வேறெந்தத் தொழிலில் உண்டு?

ஒளிபரப்புக்கு முந்தைய நாள், மனசு கேட்காமல் ஒலிக்கூடத்துக்கே போய்விட்டாள். இசை சேர்க்கிறவர் அவளுடைய காட்சியை ஓடவிட்டார். புருஷனை இழந்த அண்ணியைக் கைக்குழந்தையோடு வெளியே அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டு, வாலு நிதானமாகப் புன்னகைக்கிறாள். அந்தப் புன்னகைக்குப் பின்னால் ஒரு வயலின் தேம்பித் தேம்பி அழுதது.

இதைக் கேட்டால் ஜனங்கள் உச்சுத்தான் கொட்டுவார்கள்.

"அண்ணே, குடியைக் கெடுக்கிறவ நான். எனக்கு எதுக்குண்ணே அழுகை?"

அவர் திருதிருவென்று விழித்தார். "நாற்காலியைப் பார்த்தாலே வயலின் போட்டுப் பழகிடுச்சும்மா. கை தானா போயிடுது. உண்மையைச் சொன்னா, சீனை நான் சரியாவே பார்க்கல."

கெட்ட மனுஷன் இல்லை. நாற்காலியோடு அவர் கண் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஊர் உலகமே அப்படித்தானே பார்க்கிறது என்று வாலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை.

"மியூசிக் இல்லாம ஒரு தடவை ஓட்டுங்க. என் மூஞ்சிய மட்டும் பாருங்க."

ஓட்டினார். தாழ்ப்பாள் விழுந்தது, புன்னகை வந்தது. அவர் தன் இருக்கையில் பின்னால் சாய்ந்தார்.

"அடிப்பாவி," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதேதாண்ணே. அது போதும்."

வயலினைத் தூக்கிக் கடாசிவிட்டு, தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவும் அவளும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மாவை நம்புவதற்கில்லை. அண்ணன் ஒரு டம்ளரை உடைத்தால் அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். வாலு உடைத்தால் பெருமூச்சு விட்டுக்கொண்டு தானே பெருக்குவாள். பிறந்ததிலிருந்து இவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

திரையில் தாழ்ப்பாள் விழுந்தது. அம்மா முந்தானையைக் கையில் எடுத்தாள். போச்சு, உச்சுக் கொட்டப்போகிறாள் என்று வாலு நினைத்தாள்.

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அவ எங்கடி போவா?" அம்மா திரும்பி இவளையே முறைத்தாள். "உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

பக்கத்து வீட்டுக்காரர் அந்த வில்லிக்கு நாலு அறை விடச் சொல்லி டிவியைப் பார்த்துக் கத்துவது சுவரைத் தாண்டிக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இயக்குநர் போன் செய்தார். "ஜனங்க கரிச்சுக் கொட்டுறாங்கம்மா. ஒரு வாரம்லாம் வேணாம். நீதான் வில்லி."

வாலு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மாவுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை.

"நாளைக்காவது அந்தப் பொண்ணை உள்ள விடுவியா, மாட்டியா?"

"மாட்டேன்மா."

"அப்ப உனக்குச் சாப்பாடு எடுத்து வைக்க என்னால முடியாது. வேணும்னா நீயே போய்ப் போட்டுத் தின்னு."

அம்மா அவளை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாலு விசிலடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.