நுரைத்த சிவப்பு

குடிநீர் நிலையத்தில் அவளுக்குச் சகதியோடுதான் வேலை. படிகாரம் போட்டு ஆற்றுநீரைத் தெளியவைத்தால் அடியில் தங்குமே, அந்தச் சகதி. கொட்ட இடமில்லாமல் எல்லோரும் விழித்தபோது, அதைக் காயவைத்துப் பொடித்துச் சாயக்கழிவில் கலக்கினால் நிறத்தை இழுத்துக்கொள்கிறது என்று சோதனைக்கூடத்து மேடம் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவளுக்குச் சகதிமேல் தனிப் பாசம். இருக்காதா பின்னே? ஆறு மணிநேரப் பயணத் தொலைவில், சாயப்பட்டறையில்தான் அவள் வீட்டுக்காரருக்கு வேலை. சோதனை தேறினால் அங்கேயே கழிவைத் தெளியவைக்கக் கொட்டகை போட்டு இவளையும் மாற்றிவிடுவார்கள். கல்யாணமாகி நாலு வருஷம்; மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் குடித்தனம்.

சாயக்கழிவை அவர்தான் கேனில் பிடித்துப் பேருந்தில் கொடுத்துவிடுவார். முதலில் வந்த நீலம் கண்ணாடியாகத் தெளிந்தது. அடுத்து வந்த சிவப்பு இரண்டு முறையும் சிவப்பாகவே நின்றது.

"இன்னொரு வாட்டி பாப்போம். அப்பவும் தெளியலன்னா, முடியாதுன்னு எழுதிடுவேன்மா" என்றார் மேடம்.

சிவப்பின் மூன்றாவது கேனைத் திறந்து குலுக்கினாள். குபுகுபுவென்று நுரை. நீலம் இப்படி நுரைக்கவில்லையே! உடனே போனை எடுத்தாள்.

"ஏங்க, கேனை எதுல கழுவுனீங்க?"

"சோப்புத்தூள்லதான். ரெண்டு கை அள்ளிப் போட்டேன். ஏன், இன்னும் நாறுதா?"

"யாரு உங்களைக் கழுவச் சொன்னது?"

"நல்லா இருக்கே! நீலம் வந்தப்போ நீதானே சொன்ன, கேனைத் தொட்டா சோறு எறங்கலன்னு."

"அய்யோ, அது வம்புக்குச் சொன்னதுங்க. உங்க சட்டையில அடிக்கிற அதே வாடை. மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சோப்பு கலந்தா பொடி நிறத்தை இழுக்காது; இதெல்லாம் செல்லாது. புதுசா வரட்டும்" என்றார்.

மறுநாள் கழுவாத கேன் வந்தது. பொடியைப் போட்டுக் கலக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு ரோஜா நிறமாகி, அதுவும் வெளுத்து, வெறும் தண்ணீர் ஆனது. மேடம் கையெழுத்துப் போட்டார்.

"கொட்டகை எழும்ப எட்டு மாசமாவது ஆகும். பொறுத்துக்கம்மா."

போனில் சொன்னதும் அவர் போட்ட கூச்சல் பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு குரல் இறங்கிற்று.

"அப்போ இனிமே கேன் அனுப்ப வேணாம், இல்ல?"

எட்டு மாதம். பதினாறு ஞாயிறு.

"யாரு சொன்னா? மஞ்சள் இன்னும் பாக்கலையே. இந்த வாரமே அனுப்புங்க."

மஞ்சளை யாரும் கேட்டிருக்கவில்லை. மேடம் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோப்பில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.