நூற்று முப்பது டிகிரி சதி

சதி நடக்கிறது என்பதைத் திங்கட்கிழமையே மோப்பம் பிடித்துவிட்டார் தர ஆய்வாளர். சொந்தக் காசில் வாங்கிய புது வெப்பமானியோடு அவர் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் நாள் அது. அங்கே அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் இதயத்துடிப்பைக் காட்டும் பட்டைகளை அங்கே செய்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையால் கோடுகள் அச்சாகும். அச்சானதும் அது வெறும் சாம்பல் நிறச் சேறு. மின்சாரம் எட்டிக்கூடப் பார்க்காது. அடுப்பில் நூற்று முப்பது டிகிரியில் இருபது நிமிடம் விடாமல் வெந்தால்தான் வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்கு வழிவிடும். சூடு கூடினால் தாள் சுருளும். குறைந்தால் கோடு ஊமை.

திங்களன்று அடுப்பில் வைத்த தாள் தட்டுகளில் இரண்டு ஊமை. செவ்வாயன்று மூன்று. அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் அவருடைய கொழுந்தியாள், மனைவியின் கூடப் பிறந்த தங்கை. தற்காலிக வேலை. அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேலாளர் முடிவு செய்வார்.

"அத்தான், நான் சூட்டைத் தொடவே இல்ல. நூத்தி முப்பதுல வெச்சது வெச்சபடி இருக்கு."

"இங்க அத்தான் கிடையாது. சார்!"

"சரிங்க சார். அக்கா கேட்டா, சார்தான் என்னை வெளிய தள்ளினாருன்னு சொல்லிடறேன்."

மிரட்டல்! நோட்டில் குறித்துக்கொண்டார்.

புதன் முதல் முழுக் கண்காணிப்பு. அடுத்த தட்டை எடுக்க அவள் அச்சு அறைக்குப் போவாள். தூணுக்குப் பின்னால் தொப்பை மட்டும் வெளியே தெரிய ஒளிந்திருந்தவர், பூனை நடையில் வந்து அடுப்புக் கதவைத் திறந்து வெப்பமானியை நீட்டுவார். அடுப்பு காட்டும் எண்ணை அப்படியே நம்ப அவர் என்ன ஏமாளியா?

தொண்ணூற்றெட்டு! இன்னொரு தடவை, தொண்ணூற்றொன்று!

அவள் திரும்பி வருவதற்குள் அடுப்பின் எண் சமர்த்தாகப் பழைய இடத்துக்கே ஏறிவிடும். என்ன தந்திரம்! புதனன்று ஏழு தட்டு போச்சு. வியாழனன்று இன்னும் கூர்ந்து கண்காணித்தார், பதினொன்று போச்சு. 'குற்றவாளிக்குத் துணிச்சல் கூடிவிட்டது' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

வெள்ளி, மணி நாலு. மேலாளரின் மேசையில் அடுப்பு தானாகப் பதிவு செய்த வெப்ப வரைபடம் விரிந்து கிடந்தது. அதைக் கேட்டு வாங்கியவரே பூதக்கண்ணாடிதான்.

"நான் நோட்டுல குறிச்ச நேரத்தைப் படிக்கறேன் மேடம். நீங்க வரைபடத்துல பாருங்க. வியாழன், பத்து பதினேழு."

"பள்ளம் இருக்கு."

"பத்து இருபத்தஞ்சு."

"இருக்கு." மேலாளர் எதிரே நின்ற கொழுந்தியாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "ஒரு நிமிஷம்கூடப் பிசகலையே! அப்போ அடுப்புகிட்ட யாரு? அதையும் எழுதியிருப்பீங்களே?"

எழுதாமலா? கம்பீரமாக அடுத்த வரிக்குப் பார்வையை நகர்த்தினார்.

'10.17. அவள் அச்சு அறையில். கதவைத் திறந்தேன்.'

'10.25. அவள் அச்சு அறையில். கதவைத் திறந்தேன்.'

பக்கத்தைப் புரட்டினார். திறந்தேன். அதற்கடுத்த பக்கம். திறந்தேன், திறந்தேன், திறந்தேன்.

நோட்டு அவர் கையில் இருந்தது. அந்தக் கிறுக்கலை வேறு யாராலும் படிக்க முடியாது. 'ஆள் தெரியலை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பிக்கும். கொழுந்தியாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நகக்கண்ணில் வெள்ளி மை.

"ஆசாமிக்குக் கொஞ்சம் தொப்பை, மேடம்," என்று செருமினார். "பூனை மாதிரி நடக்கறதா அவனுக்கு நினைப்பு. கையில புது வெப்பமானி."

மேலாளர் அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தார்.

"நாலு நாள்ல இருபத்து மூணு தட்டு. போன வாரம் ஒண்ணுகூடப் போகலையே?"

"போன வாரம் இந்த வெப்பமானிய நான் வாங்கலைங்க."

நிரந்தர ஆணையில் கையெழுத்து விழுந்தது. அடுத்த கையெழுத்து, அடுப்புக்குப் பூட்டு வாங்கும் சீட்டில். சாவி கொழுந்தியாளிடம்.

வெளியே வந்ததும், "இனிமே அத்தான்னே கூப்பிடும்மா," என்றார் ஈனஸ்வரத்தில்.

"யோசிச்சுச் சொல்றேன், சார்."

அவர் போவதற்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பசி மயக்கத்தில் மூடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க!" என்றாள் மனைவி. "வெந்ததும் நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் அந்த மூலையில போய் உக்காருங்க, சார்."