மொட்டைக் கத்திக்காரனுக்குப் பிறகு

மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து மாமியார் வீட்டுக்கு வந்த வாரம், மருமகள் தன் மடிக்கணினியை அவர் கட்டிலருகே வைத்தாள். பொழுது போகட்டுமே என்று தமிழில் பேசும் ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரைப் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பினாள். மாலையில் திரும்பியபோது மாமியார் கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மொட்டைத்தலைக் கத்திக்காரன் பிழைப்பானா, மாட்டானா? அதை மட்டும் சொல்லிடு."

அதுவரை இருவருக்கும் நடுவே 'சாப்பிட்டாச்சா', 'கதவைப் பூட்டிட்டியா' என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. பகை இல்லை, ஒட்டுதலும் இல்லை. கத்திக்காரன் புண்ணியத்தில் வாய் திறந்தது. அவன் பனியில் நடக்க நடக்க, இவர் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தார். பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண்ணே அசந்துபோனாள்.

ஆனால் கதை என்றால் முடியத்தானே வேண்டும்? கத்திக்காரன் கடைசி மலையைத் தாண்டிய மறுநாள், மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பயிற்சியும் நின்றது.

"இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா போடு."

மருமகள் பள்ளி நாளிலிருந்து காமிக்ஸிலும் அனிமேயிலும் ஊறியவள். இதென்ன பிரமாதம் என்று வாள்வீரர் தொடர் ஒன்றைப் போட்டாள்.

"ஐயே, ஒரே கூச்சல்."

பேய் வேட்டைக்காரர்களைப் போட்டாள்.

"கத்தி இருந்தா ஆச்சா? எல்லாம் பொடிப்பசங்க. ஒருத்தனுக்காவது முட்டி வலிக்குதா?"

இணையத்தில் ரசிகர்களிடம் கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள், எதுவும் எடுபடவில்லை. "பேசாம ஏதாவது சீரியல் போட்டு விட்டுடேன்" என்று புருஷன் வாயைக் கொடுத்தான். "நீங்க சும்மா இருங்க" என்றாள் இவள். "நீ சும்மா இருடா" என்றார் அவர்.

விடுமுறை நாளில் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடையில் கண் பரிசோதிக்கும்போது, என்ன தெரியவில்லை என்று யாரையும் கேட்கமாட்டாள். கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, இதுவா அதுவா என்பாள். இங்கும் அப்படியே ஆரம்பித்தாள்.

"அத்தை, சண்டை பிடிச்சுதா, பயணம் பிடிச்சுதா?"

"பயணம்."

"தனியாப் போனப்பவா, துணையோடயா?"

"அந்த எதிரிக்காரி வந்து சேர்ந்த அப்புறம்தான்."

"அவ பேசினதா, பேசாம இருந்ததா?"

மாமியார் யோசித்தார். "பேசாம இருந்தது. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஆனா பாரு, இவன் தூங்கினதும் நெருப்பு அணையாம அவ பார்த்துக்குவா. காலையில அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது." போர்வை நுனியை நீவிவிட்டுக்கொண்டார். "என் தலைமாட்டுல தினம் தண்ணி நிரப்பி வைக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாதா என்ன?"

மருமகள் மடிக்கணினியைத் திறந்து வேறொரு தொடரைத் தேடினாள். அதில் கத்தியே இல்லை. ஒரு கலங்கரை விளக்கம். ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு காவலாளிகள். முதல் பகுதி முழுக்க அவர்கள் விளக்கின் கண்ணாடியைத் துடைத்தார்கள், அவ்வளவுதான். மாமியார் முகம் சுளிக்கவில்லை. இரண்டாம் பகுதியில் அவர் கால் தானாக மடங்கி நீண்டது. மருமகளும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த மாதம் மாமியார் கைத்தடியோடு தானே பயிற்சி நிலையத்துக்குப் போனார். அங்கிருந்தே மருமகளின் கடைக்குப் போன் செய்தார்.

"இங்க ஒரு அம்மா அழுதுக்கிட்டே காலை நீட்டுறாங்க. பார்த்தா ரொம்பச் சாது, சமையல் கதைதான் கேட்பாங்கன்னு நினைச்சேன். நீ கேட்கிற மாதிரியே கேட்டுப் பார்த்தேன்."

"என்ன வேணுமாம் அத்தை?"

"பழிவாங்குற கதை வேணுமாம்டி! நல்லதா ஒண்ணு சொல்லு, சீக்கிரம்."