நூற்றுப் பன்னிரண்டாம் தலைமுறைத் தொலைநோக்கி

1998 ஜூன் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, புனேயை அடுத்த கட்கியில் ஜம்புநாதன் வீட்டுக்குள் ஒளி கெட்டியாகிவிட்டது. ஒன்பது கதிர்கள் கம்பி போலச் சுவருக்குச் சுவர் நின்றன. அவர் மனைவி சாவித்ரி அவற்றில் ஈரத்துணி உலர்த்தினாள். அவற்றைத் தாண்டி வாசலுக்கு மட்டும் அவளால் வர முடியவில்லை.

ஆயுதத் தொழிற்சாலையில் லென்ஸ் சோதிப்பவரான ஜம்புநாதன், சொந்தத் தொலைநோக்கிக்காகக் கணினியில் ஒரு நிரல் எழுதியிருந்தார். மரபணு வழிமுறை என்று அதற்குப் பெயர். அது நூறு வடிவங்களை உண்டாக்கி, பிம்பம் தெளிவாக விழுபவற்றை மட்டும் வைத்து, ஒன்றோடொன்று கலந்து, அங்கங்கே ஓர் எண்ணை மாற்றி, நாளுக்கொரு தலைமுறை பெற்றது. வென்ற வடிவம், யாரும் கண்ணாடி தேய்க்காமலே, காலையில் வீட்டில் நின்றது. முதலில் முழநீளக் குழாய். முப்பதாம் தலைமுறையில் அது சமையலறையை எட்டியது. நூற்றுப் பன்னிரண்டில் குழாயே இல்லை, வீடுதான் தொலைநோக்கி. அளவுக்கு வரம்பாக வீட்டின் நீள அகலத்தைக் கொடுத்தவர், உள்ளே ஆட்கள் நடப்பார்கள் என்று எழுதவில்லை. தொழிற்சாலையில் லென்ஸ் சோதிக்கும் மேடைமேல் யாரும் நடப்பதில்லை என்பதால் அது அவருக்குத் தோன்றவேயில்லை.

சாவித்ரி திங்கட்கிழமை போசரியில் ஒரு பம்பு கம்பெனியில் சேர வேண்டும். பதினெட்டு வருடம் வீட்டோடு இருந்தபின் கிடைத்த முதல் வேலை. தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஜன்னல் வழியே பால் நீட்டிய பக்கத்து வீட்டு மும்தாஜ், "மிஷினை பந்த் பண்ணுங்களேன் அண்ணே" என்றாள்.

"பண்ணிப் பாத்தேம்மா. நின்னது நின்னபடியே நிக்குது. நிரலை மேற்கொண்டு ஓட்டினாத்தான் நகரும்."

"அப்ப ஓட்டுங்க" என்றாள் சாவித்ரி அடுப்படியிலிருந்து. "கண்ணாடிக்கெல்லாம் கணக்கு வெச்சீங்க, பொண்டாட்டி ஒருத்தி நடக்கிறது கண்ணுல படலையா?"

ஜம்புநாதன் நிரலில் எழுதினார்: ஐந்தடி இரண்டங்குலம், கையில் டிபன் டப்பா, அடுப்படியிலிருந்து வாசல். கீழே தனக்கும் ஒரு வரி. கதிர்கள் இன்னும் நெருங்கின. சனிக்கிழமை ஜன்னலும் அடைபட்டது, பால் நின்றது. இரண்டு பேருக்கு வழி கேட்டால் எந்த வடிவமும் தேறாது என்பது ஞாயிறு மாலைதான் அவருக்குப் புரிந்தது. தன் வரியை அழித்தார். அவளிடம் சொல்லவில்லை.

திங்கள் காலை வாசல் வரை தோளகலச் சந்து திறந்தது. வெளியே போய் சாவித்ரி திரும்பிப் பார்த்தாள். அவர் மேஜையைச் சுற்றிக் கதிர்கள் கூண்டாக இறங்கியிருந்தன.

"நீங்க வரலையா?"

"பஸ் போயிடும். கிளம்பு."

மறுபடி ஓட்டினால் அவள் போகும் சந்து மூடிவிடலாம் என்று அவர் கணினியைத் தொடவேயில்லை. சில வருடங்களில் அவள் சூப்பர்வைசர் ஆனாள். தினமும் சாப்பாட்டுத் தட்டைக் கதிர்களுக்கு அடியில் தள்ளினாள். அவர் வியாழனின் நிலவுகள் எங்கே நிற்கின்றன என்று சொன்னார். 2007இல் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பெண், கூண்டைப் பார்த்துவிட்டு, இவர் இங்கேயேதான் இருப்பாரா என்று இந்தியில் கேட்டாள். சாவித்ரி செருப்பை மாட்டியபடி ஆமாம் என்றாள். அந்தப் பெண் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.