முப்பத்தோராவது ஓட்டம்

பத்தொன்பதாவது ஓட்டம் முடிந்தபோதே தர்மசீலனின் கால்கள் சொல்வழி கேட்க மறுத்துவிட்டன. இன்னும் இருபத்தொன்று கிடந்தன. விசில் ஊதினால் எழுபத்தைந்து மீற்றரைப் பதினைந்து செக்கனில் ஓட வேண்டும், பிறகு கொஞ்சம் நடை, திரும்பவும் விசில். நாற்பதையும் முடித்தால்தான் உதைபந்தாட்ட நடுவர் பட்டியலில் பெயர் இருக்கும். இடையில் நின்றால் பெயர் போய்விடும். காயப்பட்டு விழுந்தவருக்கு மட்டும் திரும்ப ஓட ஒரு மாதத் தவணை உண்டு.

மூன்று இரவுகளாக அவர் கண் மூடவில்லை. மனைவி மேனுஜா சாதிக்காய் உரசிப் பாலில் கலந்து கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி விடியும்வரை ஓட்டங்களை எண்ணினார். இருபத்திரண்டு ஆட்டக்காரர்களை ஒற்றை விசிலில் அடக்குகிற மனிதர் ஒரு விசிலுக்குப் பயந்து கிடந்தார் என்றால் யார் நம்புவார்கள்? தோப்பூர் ஸெய்னுதீன் நம்புவார். அவரும் நடுவர்தான், அவருக்கும் இதே வியாதி. விடிந்ததும் போன் எடுப்பார். "நித்திரை வந்ததா?" "இல்லை. உங்களுக்கு?" "எனக்கும் இல்ல." அந்த இரண்டு வார்த்தையில் இருவருக்கும் பாதிப் பாரம் இறங்கிவிடும். போன மாதச் சோதனையில் காயப்பட்டுத் தவணை வாங்கிய ஸெய்னுதீனுக்கு இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

முப்பத்தோராவது விசிலுக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் புறப்பட்டார்கள். பாதித் தூரத்தில் தர்மசீலன் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஒரு நோவும் இல்லை. இப்படி விழுந்தவர்களுக்கு அவர் எத்தனை மஞ்சள் அட்டை காட்டியிருப்பார்! போன கிழமைகூடத் திரியாய் ஊர் அணிக்காரன் ஒருவனிடம், "இந்த நடிப்பெல்லாம் என்னட்டை வேண்டாம்" என்று சொன்ன அதே வாய், இப்போது "ஐயோ, கால்" என்றது.

பக்கத்தில் ஓடிய காலடிச் சத்தம் நின்றது. அதை அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

"நில்லாதேங்கோ, ஸெய்னுதீன். ஓடுங்கோ."

"பேசாம இருங்க. தசை இழுத்தா லேசில விடாது."

விசில் கேட்டது. மற்றவர்கள் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். பரீட்சகர் குனிந்து தாளில் ஸெய்னுதீனின் பெயரை வெட்டினார். ஸெய்னுதீன் அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புல்லில் முழங்காலிட்டார்.

தர்மசீலனுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழும்பி உண்மையைச் சொன்னால் ஸெய்னுதீனைத் திரும்ப ஓட விடுவார்கள். தன் பெயர் போகும், மானமும் சேர்ந்து போகும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். எல்லோரும் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

ஸெய்னுதீன் தர்மசீலனின் சப்பாத்தைக் கழற்றி, பாதத்தைத் தன் நெஞ்சில் ஊன்றிவைத்து, வியர்வை சொட்டச் சொட்டத் தொடையை நீவினார். பாதத்துக்கடியில் அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

"நோகுதா?"

"ஓம்" என்றார் தர்மசீலன்.

ஸெய்னுதீன் இன்னும் மெதுவாக நீவத் தொடங்கினார்.